யந்திரத்தின் வாக்குமூலம்

‘டி.என். 45’, ‘டி.என். 48’ என்னும் எண்பலகைகளைத் தாங்கி, ஸ்ரீரங்கத்து உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் மதில் நிழல் பார்த்து நிற்கும் கார்களுள், இருபது வயதைக் கடந்தும் குடும்பத்தின் நம்பிக்கையை இழக்காதவை இன்னும் உண்டு. பதினைந்து ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும் என்பது சட்டம். அதற்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்த பின்னரும், தகப்பனார் வாங்கிய வண்டி என்ற பாசத்தினாலோ, புதிது வாங்கச் சௌகரியமில்லாமையினாலோ, கேட்கும் தொகையைக் கட்டி வண்டியைக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கும், அவர்களுடைய வண்டியைப் பழுதுபார்க்கும் பட்டறைக்காரர்களுக்கும் மிக்க பிரயோஜனமுள்ள ஒரு வித்தையைப் பற்றியதே இந்த அத்தியாயம். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் கணிப்பொறி அந்தந்தக் கணத்தில் என்ன எண்களை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது என்பதை வெளியிலிருந்து கேட்டறிவதே அந்த வித்தை.

எஞ்சினுக்குள் கணிப்பொறி வந்த வரலாறு நீண்டதன்று. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-ல் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீச்சும் சாதனத்தை ஃபோக்ஸ்வாகன் காரில் பொருத்தியது. 1976-ல் அதே நிறுவனத்தின் பிராணவாயு சென்சார் வால்வோ காரில் இடம்பெற்றது. கலிபோர்னியா மாநிலம் 1988 முதல், கணிப்பொறி தன் கோளாறைத் தானே கண்டு சொல்ல வேண்டுமென்று விதித்தது. 1996-ல் அமெரிக்கா முழுவதும், 2001-ல் ஐரோப்பாவின் பெட்ரோல் கார்களுக்கும், அந்தப் பேச்சுக்கு ஒரு பொதுவான இலக்கணமும் பதினாறு ஊசிகள் கொண்ட ஒரு பொதுவான கப்ளரும் கட்டாயமாயின. நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 1999-ல் டில்லி வட்டாரத்துக்கு இட்ட கட்டளையும், 2000 ஏப்ரலில் நாடெங்கும் அமலுக்கு வந்த புகை விதியும் சேர்ந்து கார்புரேட்டரின் காலத்தை முடித்துவைத்தன. ஆனால் கணிப்பொறி வந்ததே தவிர, அதனோடு பேசும் பொது இலக்கணம் உடனே வரவில்லை. பாரத் ஸ்டேஜ் 4 (பி.எஸ். 4) என்னும் புகை விதி 2010-ல் சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களுக்கு மட்டும் வந்தபோது, தற்பரிசோதனை விதியும் அதனோடுதான் வந்தது. திருச்சி அந்நகரங்களுள் ஒன்றன்று. நாடு முழுவதும் பி.எஸ். 4 ஆனது 2017 ஏப்ரலில்தான். ஆகையால் நம் ஊர்த் தெருக்களில் நிற்கும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை, கணிப்பொறி உண்டு, ஆனால் அது எந்தப் பாஷையில் பேசும் என்பது வண்டிக்கு வண்டி வேறு என்ற இடைக்காலத்தைச் சேர்ந்தவை.

இதற்கு முந்திய தலைமுறையினர் எஞ்சினைக் காதால் படித்தார்கள். 1928 முதல் பொன்மலையில் இயங்கிவரும் ரயில்வே பணிமனை, உலோகத்தின் சப்தத்திலிருந்தே அதன் நிலையை உணரும் தொழிலாளர்களை இந்த ஊருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தந்திருக்கிறது. திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி. வி. ராமன், வீணையின் தந்தியும் மிருதங்கத்தின் தோலும் எழுப்பும் நாதத்தைக் காதால் மட்டும் அனுபவித்து நின்றுவிடாமல், அதன் மேற்சுரங்களைப் பிரித்து அளந்து பார்த்தார். காது ஒரு முடிவைச் சொல்லும். கருவி அந்த முடிவுக்கு ஓர் எண்ணைக் கொடுக்கும். இரண்டும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும்போதுதான் சாஸ்திரம் பிறக்கிறது என்பதற்கு அவரைவிடச் சிறந்த உதாரணம் இம்மண்ணில் இல்லை. கார்ப் பட்டறையில் இந்த உறவு இன்று அறுந்துவருகிறது என்பது என் கவலை. கணிப்பொறியோடு பேசும் ஸ்கேனர் என்னும் கருவி வந்த பிறகு காதை நம்பாதவர்கள் ஒரு பக்கம். காதை மட்டும் நம்பி ஸ்கேனரைத் தொடாதவர்கள் மற்றொரு பக்கம்.

முதலில் அந்தச் சம்பாஷணை எப்படி நடக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்ப்போம். ஸ்டியரிங் தண்டின் அடியில், ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே இருக்கும் கப்ளரில், பதினாறாவது ஊசி பாட்டரியின் மின்சாரத்தைத் தருகிறது. நான்காவதும் ஐந்தாவதும் எர்த். பழைய வண்டிகளில் ஏழாவது ஊசியே பேச்சுக்குரிய ஒற்றைக் கம்பி. அதில் ஸ்கேனர் முதன்முதலில், வினாடிக்கு ஐந்தே துடிப்பு என்ற மிக மந்தமான கதியில், ஒரு முகவரியை அனுப்புகிறது. அந்த ஓர் எண்ணைச் சொல்லி முடிக்க இரண்டு வினாடி பிடிக்கும். எஞ்சின் கணிப்பொறி அதைக் கேட்டுணர்ந்ததும், ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி வரும் ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பித் தன் வேகம் இன்னதென்று தெரிவிக்கிறது. பின்னர் இரண்டு அடையாள எண்களைத் தருகிறது. ஸ்கேனர் அவற்றுள் இரண்டாவதைத் தலைகீழாக்கி அனுப்ப, கணிப்பொறி ஸ்கேனர் முதலில் சொன்ன முகவரியைத் தலைகீழாக்கிச் சொல்கிறது. இவ்வளவு மரியாதைகளும் முடிந்த பிறகே, வினாடிக்கு 10,400 துடிப்பு என்ற வேகத்தில் கேள்வி பதில் தொடங்குகிறது. முதல் வகைக் கேள்வியில் பன்னிரண்டாம் எண்ணைக் கேட்டால் எஞ்சினின் சுழற்சி வேகம் கிடைக்கும். பதிலாக 12, 128 என்று இரண்டு எண்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். முதலாவதை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் 3,200. அதை நான்கால் வகுத்தால் 800. அதாவது நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்று. ஐந்தாம் எண்ணைக் கேட்டால் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் உஷ்ணம். வந்த எண்ணிலிருந்து நாற்பதைக் கழிக்க வேண்டும். 125 வந்தால் 85 டிகிரி. திரையில் அழகாகத் துள்ளும் முள்ளும் வர்ணமும் இந்தச் சிறு கணக்கின் மேல் போர்த்திய போர்வையே.

இங்கேதான் ஒரு தத்துவ விசாரம் குறுக்கிடுகிறது. ஸ்ரீராமானுஜர் வாழ்ந்து உபதேசித்த இந்த ஊரில், அறிவு வரும் வழிகள் மூன்று என்று ஆசாரியர்கள் வகுத்தார்கள்: கண்ணால் காணும் பிரத்தியட்சம், கண்டதைக் கொண்டு காணாததை ஊகிக்கும் அனுமானம், நம்பத்தக்க வாக்கினின்று வரும் சப்தம். ஸ்கேனரின் திரையில் தோன்றும் எண்ணை நாம் பிரத்தியட்சம் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது கணிப்பொறியின் வாக்கு. அந்தக் கணிப்பொறியோ எஞ்சினை நேரே கண்டதில்லை. சென்சார்கள் அனுப்பும் மின்னழுத்தத்தைக் கொண்டு அது அனுமானிக்கிறது. ஆகவே ஓர் அனுமானத்தைப் பற்றிய வாக்குமூலத்தையே நாம் படிக்கிறோம். எஞ்சின் எப்படி இருக்கிறது என்பதன்று, எஞ்சின் எப்படி இருப்பதாகக் கணிப்பொறி நம்புகிறது என்பதே திரையில் இருப்பது. சாட்சி பொய் சொல்லவில்லை, ஆனால் ஏமாற்றப்பட்டிருக்கக்கூடும். இந்த ஒரு பேதத்தை மனத்தில் இருத்திக்கொண்டவனுக்கு ஸ்கேனர் உத்தமமான துணை. மறந்தவனுக்கு அது பணத்தைக் கரைக்கும் வழி.

தண்ணீர் உஷ்ண சென்சாரையே எடுத்துக்கொள்வோம். சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு பொருள் அதற்குள் இருக்கிறது. பரவலாக வழங்கும் ஒரு வகையில், 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம், 60 டிகிரியில் 600 ஓம், 80 டிகிரியில் 320 ஓம் என்று அந்தத் தடை இறங்கிக்கொண்டே போகும். கணிப்பொறி தன்னிடமுள்ள ஐந்து வோல்ட்டை ஒரு தடையின் வழியாக அனுப்பி, சென்சாரின் முனையில் எஞ்சியிருக்கும் மின்னழுத்தத்தைப் பார்த்து உஷ்ணத்தை நிர்ணயிக்கிறது. சென்சாரின் கப்ளர் முழுதும் கழன்றுவிட்டால் தடை அளவற்றதாகும். அப்போது, நாற்பது டிகிரி வெயில் கொளுத்தும் அக்கினி நட்சத்திரத்தில், திருச்சியின் நடுத்தெருவில், பல வண்டிகளின் ஸ்கேனர் திரை தண்ணீரின் உஷ்ணத்தைப் பூஜ்யத்துக்கும் கீழே நாற்பது டிகிரி என்று காட்டும். இது அசம்பாவிதம் என்று கணிப்பொறிக்கே தெரியுமாதலால், செக் எஞ்சின் விளக்கை ஏற்றிக் குற்ற எண்ணைப் பதித்துவிடும். இத்தகைய பழுது சுலபமானது. கண்டுபிடிக்க மேதை தேவையில்லை.

கஷ்டமானது, பாதிப் பழுது. இருபது ஆண்டு ஈரத்திலும் உஷ்ணத்திலும் கிடந்த கப்ளரின் ஊசியில் பச்சைக் களிம்பு பிடித்து, 270 ஓம் அளவுக்கு ஒரு புதிய தடை குறுக்கே வந்துவிட்டது என்று கொள்வோம். விடியற்காலையில், எஞ்சின் 27 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும்போது, சென்சாரின் சொந்தத் தடையே சுமார் 1,900 ஓம். அதனோடு 270 சேர்ந்தால் கணிப்பொறி மூன்று நான்கு டிகிரி குறைவாக நினைக்குமே ஒழிய வேறொன்றும் தெரியாது. எஞ்சின் 80 டிகிரிக்கு வந்ததும் சொந்தத் தடை 320. களிம்பின் தடை கிட்டத்தட்ட அதற்குச் சமம். இரண்டும் கூடி 590 ஆகும்போது, தண்ணீர் இன்னும் 60 டிகிரியில்தான் இருக்கிறதென்று கணிப்பொறி முடிவு செய்கிறது. குளிரில் ஒளிந்திருந்த பிழை சூட்டில் பூதாகாரமாக வளர்கிறது. எஞ்சின் உண்மையில் 95 டிகிரியை எட்டும்போதும் கணிப்பொறியின் கணக்கு 67 டிகிரி அளவில் நிற்கும். ரேடியேட்டர் விசிறியையும் கணிப்பொறியே இயக்கும் வாகனங்களில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தினிடையே அம்மா மண்டபம் சாலையில் வண்டி அங்குலம் அங்குலமாக ஊர்ந்து செல்லும்போது, விசிறி சுழல வேண்டிய நேரத்தில் சுழலாது. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று எண்ணிப் பெட்ரோலையும் அதிகமாகப் பீச்சும். இத்தனைக்கும் விளக்கு எரியாது; குற்ற எண் பதியாது; ஏனெனில் 60 என்பதும் 67 என்பதும் நடக்கக்கூடிய உஷ்ணங்களே. “ஸ்கேனர்ல ஃபால்ட் ஒண்ணும் காட்டல சார், வண்டி நல்லாத்தான் இருக்கு” என்று பட்டறைக்காரர் மனச்சாட்சியோடுதான் சொல்வார்; வண்டிக்காரரோ மைலேஜ் விழுந்துவிட்டதே என்று புலம்பிக்கொண்டிருப்பார்.

இதற்கு மருந்து, வாக்கைப் பிரத்தியட்சத்தோடு வைத்து ஒப்பிடுவதே. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், தொடாமலே வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்புக் கருவியைத் தெர்மோஸ்டாட் கூட்டின்மேல் காட்டினால் அது ஓர் எண்ணைச் சொல்லும். ஸ்கேனர் ஓர் எண்ணைச் சொல்லும். இரண்டுக்கும் நாலைந்து டிகிரி வித்தியாசம் இருந்தால் பாதகமில்லை. இருபது டிகிரி இருந்தால் சாட்சி ஏமாற்றப்பட்டிருக்கிறது. புது சென்சார் வாங்க ஓடுவதற்கு முன் கப்ளரைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் சென்சாரைவிடக் கம்பியும் கப்ளரும் எர்த்துமே அதிகமாகக் கெடுகின்றன என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஒப்பிடுவதற்கு இயற்கையே சில அளவுகோல்களை இலவசமாகத் தந்திருக்கிறது. இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்த சென்சார் உள்ள வண்டியில், சாவியைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பதினோராம் எண்ணைக் கேளுங்கள். வெளிக்காற்றின் அழுத்தமே அதில் வரவேண்டும். திருச்சியில் அது நூறு கிலோபாஸ்கலை ஒட்டியிருக்கும். கரடுமுரடான கணக்கில், நூறு மீட்டர் உயரத்துக்கு 1.1 கிலோபாஸ்கல் வீதம் காற்றழுத்தம் குறைகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறினால், 1,200 மீட்டர் உயரத்தில் அதே வண்டி 88 என்று காட்ட வேண்டும். மலைக்கோட்டைப் பாறையின் உயரமோ 83 மீட்டர்; உச்சிப்பிள்ளையார் சந்நிதிக்கும் அடிவாரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரே ஒரு கிலோபாஸ்கல். இந்தக் கேள்விக்கு வரும் பதிலின் மிகச்சிறிய படியும் அதே ஒரு கிலோபாஸ்கல்தான் என்பதை எண்ணும்போது, பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் அந்தக் கட்டைவிரல் அகலச் சென்சாரின் நுட்பத்தில் எனக்கு மெய்யாகவே மதிப்பு உண்டாகிறது.

பழைய வண்டியின் ஒற்றைக் கம்பிக்கு வேகம் குறைவு என்பதையும் மறக்கலாகாது. ஒரு பதில் வந்த பின் அடுத்த கேள்வியைக் கேட்குமுன் குறைந்தது 55 மில்லிவினாடி பொறுத்திருக்க வேண்டும் என்பது அந்தப் பேச்சின் விதி. எல்லாத் தாமதங்களையும் கூட்டிப் பார்த்தால் வினாடிக்கு ஐந்தாறு பதில்களே கிடைக்கும். எண்ணூறு சுற்றில் ஐட்லிங் ஆகும் நான்கு சிலிண்டர் எஞ்சினிலோ வினாடிக்கு இருபத்தேழு முறை எரிதல் நிகழ்கிறது. இரண்டு பதில்களுக்கு இடையே நாலைந்து வெடிப்புகள் ஓசையின்றி நழுவிவிடுகின்றன. ஒற்றை மிஸ்ஸிங்கை இந்தத் திரையில் பிடிக்கலாமென்று நம்புவது வீண். அதற்குக் காதே மேல். ஒரே சமயத்தில் பத்து எண்களைத் திரையில் வரவழைத்தால் ஒவ்வொன்றும் இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். பிராணவாயு சென்சார் புகையைப் பார்த்து 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விரைவாக ஊசலாடும் இயல்புடையது; பத்து எண்களுக்கிடையே அதைப் பார்ப்பவர், சென்சார் சோம்பிவிட்டது என்று தவறாகத் தீர்மானித்து, நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்துவிடுவார். எதைப் பார்க்க வேண்டுமோ அதை மட்டும் கேட்பதே நல்ல வைத்தியம்.

அந்தப் பிராணவாயு சென்சாரைவிட அதிகம் பேசுவது, அதைக் கொண்டு கணிப்பொறி செய்யும் திருத்தக் கணக்கு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது பூரணமாக எரிவதற்குரிய எடை விகிதம். அந்த விகிதம் தவறும்போதெல்லாம் கணிப்பொறி தன் அடிப்படைக் கணக்கைச் சதவீதத்தில் கூட்டியோ குறைத்தோ சரிசெய்து, அந்தத் திருத்தத்தை ஞாபகத்திலும் வைத்துக்கொள்கிறது. நெடுங்காலத் திருத்தம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் எஞ்சின் சௌக்கியம். ஐட்லிங்கில் இருபது சதவீதம் கூட்டிக் கொடுத்து, 2,500 சுற்றில் அந்தத் திருத்தம் மறைந்துவிட்டால், வெடித்துப்போன வாக்குவம் குழாய் எதன் வழியாகவோ கணக்கில் வராத காற்று புகுகிறது. எஞ்சின் காற்றைக் கொஞ்சமாக இழுக்கும்போது அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது, அதிகமாக இழுக்கும்போது சிறிது. இதற்கு நேர்மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து, வேகமும் பாரமும் ஏறும்போது திருத்தமும் ஏறினால், பெட்ரோல் பம்போ ஃபில்டரோ தளர்ந்திருக்கிறது என்று அனுமானிக்கலாம். பிக்கப் இல்லை என்ற ஒரே புகாருக்கு இரண்டு வெவ்வேறு காரணங்களை, ஒரு ஸ்பானரைக்கூட எடுக்காமல், இரண்டே எண்களைக் கொண்டு பிரித்துக் காட்டும் இந்த யுக்தி எனக்கு மிகவும் பிரியமானது. சைலன்ஸர் குழாயில் சென்சாருக்கு முன்னால் ஓர் ஓட்டை இருந்தாலும், வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் போதவில்லை என்று கணிப்பொறியை நம்பவைத்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொது இலக்கணம் தெரியாத வண்டிகளின் கதி என்ன? அவற்றுக்குத் தயாரிப்பாளரின் சொந்தப் பாஷை தெரிந்த ஸ்கேனர் வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பொது ஸ்கேனர் எத்தனை முறை அழைத்தாலும் அந்தக் கணிப்பொறி வாய் திறவாது. அது வண்டியின் குற்றமன்று. அக்காலத்துச் சுஸுகி வகை எஞ்சின்கள் பலவற்றில் அதைவிட எளிய வழியும் உண்டு: பரிசோதனைக் கப்ளரில் குறிப்பிட்ட முனையை ஒரு கம்பித் துண்டால் எர்த்தோடு சேர்த்தால் செக் எஞ்சின் விளக்கே கண் சிமிட்டிப் பேசும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. எல்லாம் நலம் என்று பொருள். ஒன்றும் நாலும் என்றால் தண்ணீர் உஷ்ண சென்சாரின் கம்பி அறுந்திருக்கிறது. ஆனால் இது பதிந்த குற்றத்தைச் சொல்லுமே தவிர நடப்பு எண்களைச் சொல்லாது. அங்கே மல்டிமீட்டரைக் கையிலெடுத்து சென்சாரின் மின்னழுத்தத்தைத் தாமே அளந்துகொள்ள வேண்டியதுதான். உற்பத்தியை நிறுத்திவிட்ட வண்டிகளின் பாஷையைத் தயாரிப்பாளர்கள் இனியும் பூட்டி வைத்திருப்பதில் வியாபார லாபம் ஏதுமில்லை. அதைப் பகிரங்கப்படுத்தினால், திருவெறும்பூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கும் மாணவன் கூடப் பழைய வண்டியைக் கொண்டே இந்த வித்தையைப் பயில முடியும். அவர்கள் அதைச் செய்ய வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி கெட்ட பிறகு ஸ்கேனரைத் தேடுவதைக் காட்டிலும், அது நலமாயிருக்கும்போதே ஒருநாள் பட்டறைக்குக் கொண்டுபோய், சில எண்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும் விடியலில் தண்ணீரின் உஷ்ணமும் உள்ளிழுக்கும் காற்றின் உஷ்ணமும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னும் சூடான ஐட்லிங்கிலும் மேனிஃபோல்ட் அழுத்தம். நன்கு சூடான பின் தண்ணீரின் உஷ்ணம், பக்கத்திலேயே அகச்சிவப்புக் கருவி சொன்ன எண். ஐட்லிங்கிலும் 2,500 சுற்றிலும் நெடுங்காலத் திருத்தம். எஞ்சின் ஓடும்போது பாட்டரியின் மின்னழுத்தம். தேதியையும் கிலோமீட்டரையும் மேலே குறித்து, அந்தத் தாளை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். நாளை வண்டி மக்கர் செய்யும்போது எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் அந்தத் தாளை மெக்கானிக்கின் கையில் கொடுங்கள்.